டைக்கிரியில் கறுப்புச் சீனி: அமாமித் தீவிலிருந்து ஒரு கொக்டெய்ல் குறிப்பு

‘ஜப்பானிய டைக்கிரி’ என்ற பெயரில் நான் முதன்முதலாகக் குடித்த பானம் பச்சை நிறத்தில் இருந்தது. கொழும்பிலுள்ள ஒரு ஹோட்டலின் மேல்மாடி மதுக்கூடம் அது. ரம்மோடு மாச்சா தேயிலைத்தூளைக் கலந்து, மேலே சிறிய காகிதக் குடையொன்றைக் குத்தித் தந்தார்கள். ரம் எங்கே, தேசிக்காய் எங்கே என்று தேடும் அளவுக்குச் சீனி. பாதியிலேயே வைத்துவிட்டேன். அதன் விலையை இங்கே எழுதினால் அம்மா வாசித்துவிடுவார் என்பதால் விடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, உண்மையிலேயே ஜப்பானில் வைத்து எனக்குக் கிடைத்த டைக்கிரி வெளிர் மண்ணிறமாக இருந்தது. அதில் மாச்சாவும் இல்லை, குடையும் இல்லை. மாற்றப்பட்டிருந்தது அதன் சீனிதான். அந்தச் சீனி எங்கிருந்து வந்தது என்று கேட்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டது. செய்முறை மட்டும் போதும் என்பவர்கள் கடைசிப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் நடுவிலிருப்பதை வாசித்துவிட்டுப் போனால் பானத்தின் சுவை கொஞ்சம் மாறும் என்று நினைக்கிறேன்.

மதுவைப் பற்றி எழுதுவது எங்கள் சமூகத்தில் இலகுவான காரியமல்ல என்பது தெரியும். கசிப்பும் சாராயமும் சிதைத்த குடும்பங்களைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரையல்ல. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பது சட்டப்படி குற்றம். மற்றவர்களுக்கும் ஒரு கோப்பை என்பது ஒரு கோப்பைதான்.

நாசேயில் ஓர் இரவு

ஃபுக்குவோக்காவில் ஊடகவியலாளர்களுக்கான ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். பெப்ரவரி மாதம். பயிற்சி முடிந்து நான்கு நாட்கள் கையில் இருந்தன. கூட இருந்தவர்கள் கியோத்தோவுக்குப் போனார்கள். பயிற்சியில் அறிமுகமான ஜப்பானிய நண்பர் ஒருவர், தன் தாயாரின் ஊரான அமாமி ஒஷிமாத் தீவுக்குப் போவதாகச் சொன்னார். நானும் ஒட்டிக்கொண்டேன். கியூஷுவின் தென்முனையிலுள்ள ககோஷிமாவில் மாலை ஆறு மணிக்குக் கப்பல் ஏறினால், தீவின் துறைமுகமான நாசேயில் விடியற்காலை ஐந்து மணிக்கு இறக்கிவிடுவார்கள். இரவு முழுக்க அலை. அந்தப் பயணத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, நான் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தேன்.

நாசேயில் யானிகவா என்றொரு தெரு இருக்கிறது. சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளும் மதுக்கூடங்களும் நெருக்கியடித்து நிற்கும் தெரு. எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஒரு மதுக்கூடத்துக்கு நண்பர் கூட்டிப்போனார். அதை நடத்துபவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். அங்கே கரும்பு வளருமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. பெல்வத்தை, செவனகல, ஹிங்குரானை என்று எனக்குத் தெரிந்த சீனித் தொழிற்சாலைகளின் பெயர்களைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர்கள் எதுவும் விளங்கியிருக்காது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு ஒரு டைக்கிரி செய்யத் தொடங்கினார்.

அவர் முன்னால் நான்கு பொருட்கள் இருந்தன: வெள்ளை ரம் போத்தல், இன்னொரு நிறமற்ற மதுபானம், இரண்டு விதமான புளிப்புச் சாறு, கருந்தேன் நிறத்தில் ஒரு பாணி. எல்லாவற்றையும் அளந்து ஊற்றினார். கையால் ஐஸைத் தெரிந்தெடுத்துப் போட்டார். குலுக்கினார். வடித்தார். கடைசியில் தங்கான் என்ற அந்தத் தீவின் தோடம்பழத்திலிருந்து ஒரு துண்டுத் தோலைச் சீவி, அதன் எண்ணெய் பானத்தின் மேல் தெறிக்கும்படி நசுக்கினார்.

முதல் மிடறில் புளிப்பு. அதற்குப் பின்னால் கரும்புச்சாறு காய்ச்சும் வாசனை, கடைசியில் லேசான உப்பும் கைப்பும். இனிப்பு என்று தனியாக எதுவும் நாக்கில் நிற்கவில்லை. இதைத்தான் ‘ஜப்பானிய டைக்கிரி’ என்பதா என்று நண்பரூடாகக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். ஜப்பான் என்பதைவிட அமாமி என்று எழுதினால் நல்லது என்றார்.

ஒரு சுரங்க ஊரின் பெயர்

டைக்கிரி என்பது ரம், தேசிக்காய்ச் சாறு, சீனி ஆகிய மூன்று மட்டுமே சேர்ந்த பானம். ஐஸ் நான்காவது. ஸ்ட்ரோபெரி, வாழைப்பழம் எல்லாம் போட்டு மிக்ஸியில் அரைத்துத் தருவது பிற்காலத்து விளையாட்டு.

கியூபாவின் தென்கிழக்கில், சந்தியாகோ நகரத்துக்கு அண்மையில் டைக்கிரி என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே இரும்புச் சுரங்கம் இருந்தது. 1898 ஜூன் 22 அன்று, ஸ்பெயினுடனான போரில் அமெரிக்கப் படைகள் தரையிறங்கியதும் இந்தக் கரையில்தான். அந்தப் பகுதியின் சுரங்கத் தொழிலில் இருந்த ஜெனிங்ஸ் கொக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளரே இப்பானத்தைக் கலந்து பெயரிட்டவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெயர் வைத்தவர் அவராக இருக்கலாம். ஆனால் ரம்மையும் தேசிக்காயையும் இனிப்பையும் ஒன்றாகக் கலக்க கரீபியன் மக்களுக்கு ஒரு பொறியியலாளர் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஸ்பெயினுக்கு எதிராகப் போராடிய கியூபக் கிளர்ச்சியாளர்கள் கரும்புச் சாராயத்தில் தேனும் தேசிக்காயும் கலந்து குடித்த கஞ்சஞ்சரா என்ற பானம் அதற்கு முந்தியது.

பிறகு நடந்தது வழமையான கதை. 1909 இல் லூசியஸ் ஜோன்சன் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவ அதிகாரி இதை வொஷிங்டனிலுள்ள இராணுவ, கடற்படை அதிகாரிகளின் கழகத்துக்குக் கொண்டுபோனார் என்கிறார்கள். ஹவானாவில் எல் ஃபுளோரிடித்தா மதுக்கூடத்தை நடத்திய கொன்ஸ்தாந்தினோ ரிபலைகுவா இதைப் பல வகைகளாகச் செம்மைப்படுத்தினார். எழுத்தாளர் ஹெமிங்வே அங்கே நிரந்தர வாடிக்கையாளர். அவருடைய பெயரால் இன்று அறியப்படும் டைக்கிரியில் சீனி சேர்ப்பதில்லை.

இந்தக் கதைகளில் ரம்மின் பெயர் வரும், மதுக்கூடத்தின் பெயர் வரும், குடித்தவர்களின் பெயர் வரும். சீனி மட்டும் வெறும் ‘சீனி’ என்றுதான் வரும். கியூபா 19ஆம் நூற்றாண்டில் உலகின் மிகப்பெரிய சீனி உற்பத்தியாளராக இருந்தது. அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1886 இல்தான். அதாவது டைக்கிரிக்குப் பெயர் வைப்பதற்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வரைக்கும், அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் சட்டப்படி அடிமைகள் இருந்தார்கள். ரம்மும் அந்தக் கரும்பின் பிள்ளைதான். சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடிப்பதே பெரும்பாலான ரம்.

கொகுத்தோ

நாசே மதுக்கூடத்தில் இருந்த கருந்தேன் நிறப் பாணி கொகுத்தோவில் செய்தது. கொகுத்தோ என்றால் கறுப்புச் சீனி. கரும்புச்சாற்றைப் பிழிந்து, சிறிது சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை நீக்கி, காய்ச்சி, கிளறி, அப்படியே இறுகவிடுவது. வெள்ளைச் சீனியைப் போல அதிலிருந்து பாகைப் பிரித்தெடுப்பதில்லை. அதனால்தான் கரும்பின் உப்பும் கைப்பும் அதிலேயே நிற்கின்றன. மறுநாள் தீவின் வடக்கே ஒரு குடும்பம் நடத்தும் சிறிய கொட்டகையில் இதைக் காய்ச்சுவதைப் பார்த்தேன். குளிர்காலம்தான் கரும்பு வெட்டும் காலம். விறகடுப்பின் மேல் அகன்ற தாச்சிகள். நீராவிக்குள் ஓர் அம்மா நின்று நுரையை வழித்துக்கொண்டிருந்தார். தை மாதத்தில் பொங்கலுக்குச் சர்க்கரை வாங்கிவந்து பொதி பிரிக்கும்போது எழும் மணம் அந்தக் கொட்டகை முழுக்க இருந்தது.

இந்தத் தீவுகள் முன்பு ரியுக்யு இராச்சியத்தின் கீழ் இருந்தவை. 1609 இல் இன்றைய ககோஷிமாப் பகுதியை ஆண்ட சட்சுமாப் பிரபுக்கள் ரியுக்யு மீது படையெடுத்தார்கள். ஒகினவாவில் அரசனை இருக்கவிட்டு, அமாமித் தீவுகளைத் தங்கள் நேரடி ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டார்கள். சீனி காய்ச்சும் முறை 1623 அளவில் கிமா ஷின்ஜோ என்ற ரியுக்யு அதிகாரி சீனாவின் ஃபுஜியனுக்கு ஆளனுப்பிக் கற்றுவரச் செய்ததாகப் பதிவாகியுள்ளது. அதன் பிறகு அமாமியின் நல்ல நிலமெல்லாம் கரும்புக்குப் போனது. வரி அரிசியாக அல்ல, சீனியாகக் கட்ட வேண்டும் என்றானது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்சுமாவின் கடன் 50 இலட்சம் ரியோ என்ற கணக்குக்குப் போயிருந்தது. அதை நேர்செய்ய அமர்த்தப்பட்ட சுஷோ ஹிரோசாட்டோ என்ற அதிகாரி இரண்டு காரியங்கள் செய்தார். கடன் கொடுத்த வியாபாரிகளிடம் வட்டியில்லாமல் 250 வருடங்களில் திருப்பித் தருவதாக அறிவித்தார். அமாமியின் சீனி முழுவதையும் 1830 முதல் அரசின் ஏகபோகமாக்கினார். தீவுக்காரர்கள் தமது சீனியை வேறு யாருக்கும் விற்க முடியாது. பணப்புழக்கமும் நிறுத்தப்பட்டது. அரிசி, துணி, சட்டி பானை எதுவானாலும் சட்சுமா நிர்ணயித்த விலையில் சீனிக்குப் பண்டமாற்றாகவே வாங்க வேண்டும். கொடுக்க வேண்டிய சீனியைக் கொடுக்க முடியாதவர்கள் வசதியான வீடுகளில் யான்ச்சு எனப்படும் கடனடிமைகள் ஆனார்கள். சாப்பாட்டுக்கு அரிசியில்லாதபோது, நச்சுள்ள சோத்தெட்சு மரத்தின் கொட்டையையும் தண்டையும் ஊறவைத்து நச்சைக் கழுவி மாவாக்கி உண்டார்கள். காய்ச்சும்போது விரலில் ஒட்டிய சீனியை நக்கினாலும் தண்டனை என்று தீவில் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கறுப்புச் சீனி நரகம்’.

அந்தச் சீனியில் வந்த பணத்தில் சட்சுமா கடனிலிருந்து மீண்டது. மீண்ட சட்சுமாதான் 1868 இன் மெய்ஜி மாற்றத்தை முன்னின்று நடத்திய சக்திகளில் ஒன்று. நவீன ஜப்பானின் கதையை வாசிக்கும்போது நமக்குக் கப்பல்களும் துப்பாக்கிகளும் வருகின்றன. அவற்றுக்கான காசு எந்தத் தாச்சியிலிருந்து வந்தது என்பது அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. மெய்ஜி மாற்றத்தின் நாயகர்களில் ஒருவரான சைகோ தக்கமோரி, அதற்கு முன்னர் 1859 முதல் மூன்று வருடங்கள் இதே அமாமியின் தட்சுகோவில் ஒதுக்கி வைக்கப்பட்டு வாழ்ந்தவர். அவர் இருந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். நான் போகவில்லை, நேரத்தைக் கொட்டகையிலேயே செலவழித்துவிட்டேன்.

‘ஜப்பான்’ என்ற சொல்லுக்கு அந்த மதுக்கூடக்காரர் ஏன் தயங்கினார் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

ரம்மாகாமல் போன ரம்

அவரிடம் இருந்த இரண்டாவது நிறமற்ற மதுபானம் கொகுத்தோ ஷோச்சு. இதற்கும் ஒரு கதை உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமாமித் தீவுகள் ஜப்பானிலிருந்து பிரிக்கப்பட்டு அமெரிக்க இராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தன. ஜப்பானியப் பெருநிலத்துக்குச் சீனியை அனுப்ப வழியில்லை. அரிசிக்கோ தட்டுப்பாடு. கையில் தேங்கிய கறுப்புச் சீனியைக் கொண்டு மது வடித்தார்கள். 1953 டிசம்பர் 25 அன்று தீவுகள் ஜப்பானிடம் திரும்பக் கையளிக்கப்பட்டபோது சிக்கல் வந்தது. ஜப்பானிய மதுவரிச் சட்டத்தின்படி சீனியில் வடித்தது ஷோச்சு அல்ல, ரம் வகைக்குள் போகும். அதற்கு வரி அதிகம். தீவுக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. கடைசியில் ஒரு வழி கண்டார்கள்: அரிசியில் வளர்க்கும் கோஜிப் பூஞ்சையைச் சேர்த்து வடித்தால், அமாமித் தீவுகளில் மட்டும் அதை ஷோச்சு என்று ஏற்றுக்கொள்வது. இன்றைக்கும் கொகுத்தோ ஷோச்சுவை வேறெங்கும் தயாரிக்க அனுமதியில்லை.

கரும்பில் பிறந்து, ஒரு வரிச் சட்டத்தால் ரம் என்ற பெயர் கிடைக்காமல் போன மது இது. அமெரிக்கப் படைகள் வந்திறங்கிய கியூபக் கரையின் பெயரைக் கொண்ட பானத்துக்குள், அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் உருப்பெற்ற இந்த ஷோச்சுவை அவர் ஊற்றியது வேண்டுமென்றா என்று கேட்டேன். இல்லை, ருசி சேர்ந்தது என்றார். அவ்வளவுதான். நான்தான் அதற்குள் அரசியலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜப்பானில் ரம் என்ற பெயரோடும் ரம் வருகிறது. ஒகினவாவுக்குக் கிழக்கே தனியாகக் கிடக்கும் மினாமி டைட்டோத் தீவில், 2004 இல் தொடங்கப்பட்ட கிரேஸ் ரம் என்ற நிறுவனம் பழைய விமான நிலையக் கட்டடத்தில் கோர் கோர் என்ற ரம்மை வடிக்கிறது. அதில் ஒரு வகை கழிவுப்பாகிலிருந்தும், மற்றது நேரே கரும்புச்சாற்றிலிருந்தும் செய்யப்படுகிறது. அந்தத் தீவின் வரலாறும் சீனிதான். 1900 இல் ஹச்சிஜோத் தீவிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறினார்கள். ஆனால் தீவு ஒரு கம்பனியின் தோட்டமாக இருந்தது. கம்பனி தன் சொந்தக் காசுத்தாளைக்கூட அங்கே புழக்கத்தில் விட்டிருந்தது. தாங்கள் திருத்திய காணி தங்கள் பெயருக்கு வர விவசாயிகள் 1964 வரை காத்திருந்தார்கள். மலையகத்தில் காணி உரிமை பற்றி அடிக்கடி செய்தி சேகரிக்கப் போகும் எனக்கு இதை வாசித்தபோது புதிதாக ஒன்றை வாசிப்பது போல இருக்கவில்லை.

கொழும்பில் ஒரு குசினி

ஊர் திரும்பும்போது பயணப் பையில் இரண்டு பொதி கொகுத்தோ, ஒரு போத்தல் கொகுத்தோ ஷோச்சு, யுசுச் சாறு ஒரு சின்னப் போத்தல் ஆகியவை இருந்தன. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் பொதியைப் பிரித்து வைத்தேன். அம்மா வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

“இது எங்கட சர்க்கரையெல்லே பிள்ளை? இதையோ அங்கயிருந்து காவிக்கொண்டு வந்தனீ?”

அவர் சொன்னது பெருமளவுக்குச் சரி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சீனி வேறு, சர்க்கரை வேறு என்றுதான் சொல்வோம். பொங்கலுக்குப் போடும் சர்க்கரை, கரும்புச்சாற்றைப் பாகு பிரிக்காமல் காய்ச்சி இறுக்கியது. கொகுத்தோவும் அதுவே. கொகுத்தோவில் உப்புத்தன்மை கொஞ்சம் தூக்கல், நிறம் இன்னும் கறுப்பு. ஆகவே கொகுத்தோ கிடைக்காதவர்கள் நல்ல கருஞ்சர்க்கரையைத் தாராளமாகப் பாவிக்கலாம். பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் வேறு. நான் இரண்டிலும் செய்து பார்த்தேன். பனங்கட்டியின் மணம் ரம்மை அமுக்கிவிடுகிறது. கித்துளில் செய்தது மோசமில்லை, ஆனால் அது வேறொரு பானம்.

எனது முதல் முயற்சி தோல்வி. சர்க்கரைப் பொங்கலுக்குப் பாகு காய்ச்சும் பழக்கத்தில் கொகுத்தோவையும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். கைப்பு ஏறிவிட்டது. ஐஸில் ஊற்றியதும் கட்டியாகி அடியில் போய் ஒட்டிக்கொண்டது. சரியான முறை இது: 100 கிராம் கொகுத்தோவை உடைத்து, 100 மில்லிலீட்டர் தண்ணீரில் போட்டு, இளஞ்சூட்டில் கரையும்வரை மட்டும் கிளற வேண்டும். கொதி வரமுன் இறக்கி, ஆறவிட்டு, அடியில் மண்டி தங்கிய பிறகு தேத்தண்ணீர் வடியில் மெல்லிய துணி போட்டு வடித்துக்கொள்ள வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்திருக்கலாம்.

புளிப்பில்தான் பலர் தவறுகிறார்கள். ஜப்பானியச் சுவை வேண்டுமென்று முழுவதையும் யுசுச் சாறாக ஊற்றிவிடுவார்கள். யுசுவின் அழகு அதன் வாசனையில். அதன் புளிப்பு மட்டும் ரம்மைத் தாங்கி நிற்பதில்லை, பானம் தட்டையாகிவிடுகிறது. தேசிக்காய் முதுகெலும்பாக இருக்க, யுசு மேலே வாசமாக வரவேண்டும். இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கியூபாவில் டைக்கிரிக்குப் பிழியும் சின்ன, மெல்லிய தோல் கொண்ட தேசிக்காயும் நம் சந்தையில் கிடைக்கும் தேசிக்காயும் ஒரே இனம். ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் விற்கும் பெரிய, விதையில்லாத வகையைவிட நம்முடையதில் மணம் அதிகம். போத்தலில் அடைத்த தேசிச்சாறு வேண்டாம், பிழிந்தவுடன் பாவியுங்கள்.

யுசு வாங்கும்போது சுட்டியைப் பாருங்கள். கொழும்பின் சில பெரிய கடைகளில் ‘யுசு’ என்று கிடைப்பது சீனி சேர்த்த பானச்செறிவு. சாற்றில் உப்புச் சேர்த்து விற்பதும் உண்டு. சீனியும் உப்பும் இல்லாத சுத்தமான சாறு கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடலாம். யுசு என்பது மண்டரின் வகையொன்றின் வழியில் வந்த கலப்பினப் பழம். ஆகவே பச்சைத்தோல் மண்டரின் அல்லது தோடம்பழத்தின் சாறு இரண்டு தேக்கரண்டியும், அதன் தோலின் எண்ணெயும் ஓரளவுக்கு அந்த இடத்தை நிரப்பும். யுசுவாகாது, ஆனால் பொய்யாகவும் இருக்காது.

ரம் வெள்ளை ரம்மாக, இலேசானதாக இருக்கட்டும். கறுப்பு ரம்மை ஊற்றினால் அதன் பீப்பாய் வாசமும் கொகுத்தோவும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. கொகுத்தோ ஷோச்சு பெரும்பாலும் 25 முதல் 30 சதவீத மதுசாரம் கொண்டது. முழுவதையும் ஷோச்சுவாக ஊற்றினால் ஐஸ் கரைந்ததும் பானம் தண்ணீராகிவிடும். அதனால்தான் இரண்டும்.

ஒருவருக்கான அளவு:

வெள்ளை ரம் 45 மில்லிலீட்டர்
கொகுத்தோ ஷோச்சு 20 மில்லிலீட்டர் (இல்லையென்றால் ரம்மை 55 ஆக்குங்கள்)
தேசிக்காய்ச் சாறு 15 மில்லிலீட்டர்
யுசுச் சாறு 10 மில்லிலீட்டர்
கொகுத்தோப் பாணி 15 மில்லிலீட்டர்
மண்டரின் அல்லது தோடம்பழத் தோல் ஒரு துண்டு

அளக்கும் கிண்ணம் இல்லாவிட்டால் மருந்துப் போத்தலோடு வரும் சிறிய அளவு மூடி போதும். நான் அதைத்தான் பாவிக்கிறேன். கண்ணளவு மட்டும் வேண்டாம். மூன்று சுவைகள் சரிக்குச் சமன் நின்று இழுபடும் பானத்தில் ஐந்து மில்லிலீட்டர் என்பது பெரிய வித்தியாசம். இனிப்பு போதாதவர்கள் பாணியை 20 வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் மேல்மாடி ஹோட்டல் பானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

கோப்பையை முதலிலேயே உறைபெட்டியில் வைத்துக் குளிரவிடுங்கள். காம்புள்ள சிறிய கோப்பை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எந்தச் சிறிய கண்ணாடிக் கிளாஸும் பரவாயில்லை. ஷேக்கரில் பாணியையும் சாறுகளையும் முதலில் ஊற்றிக் கலக்கிவிட்டு, பிறகு மதுபானங்களை ஊற்றுங்கள். அளவு பிழைத்தால் விலை குறைந்த பொருளைத்தான் கொட்ட வேண்டிவரும். ஷேக்கர் இல்லாதவர்களுக்கு இறுக்கமான மூடியுள்ள பெரிய ஜாம் போத்தல் இருக்கிறது.

அடுத்தது ஐஸ். ஜப்பானிய மதுக்கூடங்களில் ஐஸுக்குக் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் மிகையென்றுகூடத் தோன்றும். தோக்கியோவின் கின்சாவில் டெண்டர் என்ற மதுக்கூடத்தை நடத்திப் புகழ்பெற்ற கசுவோ உயேடா, ‘ஹார்ட் ஷேக்’ எனப்படும் தனிக் குலுக்கும் முறைக்காகவே உலகெங்கும் அறியப்பட்டவர். ஷேக்கருக்குள் ஐஸும் பானமும் சிக்கலான வழியில் சுழன்று, மிக நுண்ணிய காற்றுக் குமிழ்கள் உண்டாகி, மதுவின் எரிவைத் தணிக்கும் என்பது அவருடைய விளக்கம். அதைக் குசினியில் நின்று பின்பற்ற முடியுமென்று நான் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பின்னாலுள்ள அடிப்படை எல்லோருக்கும் பொருந்தும். குலுக்குவது மூன்று வேலை செய்கிறது: குளிர வைக்கிறது, தண்ணீர் சேர்க்கிறது, காற்றைப் புகுத்துகிறது. சின்னச் சின்ன ஐஸ் துண்டுகள் வேகமாகக் கரைந்து தண்ணீரை மட்டும் கூட்டும். ஆகவே ஐஸ் தட்டிலிருந்து பெரிய கட்டிகளாக, ஈரம் வடியாமல் உறைபெட்டியிலிருந்து நேரே எடுத்துப் போடுங்கள். கொழும்பின் வெக்கையில் ஐஸை மேசையில் வைத்துவிட்டுத் தேசிக்காய் பிழியப் போனால் திரும்பி வரும்போது பாதி தண்ணீர். பத்துப் பன்னிரண்டு விநாடிகள் பலமாகக் குலுக்கினால் போதும். ஷேக்கரின் வெளிப்புறம் பிடிக்க முடியாமல் குளிர்ந்திருக்கும்.

வடியூடாகக் கோப்பையில் ஊற்றுங்கள். தோல் துண்டின் வெளிப்பக்கம் பானத்தைப் பார்க்கும்படி பிடித்து நசுக்கி, விளிம்பில் ஒருமுறை தடவிவிட்டு எறிந்துவிடலாம். உள்ளே போட்டால் கைக்கும். நிறம் வெளிர் மண்ணிறமாக, மேலே மெல்லிய நுரையோடு இருக்கும். டைக்கிரி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது வெள்ளைச் சீனி போட்டதால் வந்த நிறம் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டிய பானம் இது, ஆறினால் பிரயோசனமில்லை.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ‘ஜப்பானிய டைக்கிரி’ என்றால் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும், தேடுபொறியிலும் வரும். இந்தக் கட்டுரையை அனுப்பும்போது முதலில் அந்தத் தலைப்பைத்தான் போட்டேன். பிறகு அழித்துவிட்டு அமாமி என்று எழுதினேன்.

ஷோச்சு போத்தல் எப்போதோ காலி. கொகுத்தோ இன்னும் அரைப் பொதி இருக்கிறது. அதில் காய்ச்சிய பாணியை அம்மா வேறு விதமாகப் பாவிக்கிறார். ஒரு பெரிய கிளாஸில் இரண்டு மேசைக்கரண்டி பாணி, ஒரு தேசிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, மிச்சத்துக்குக் குளிர்தண்ணீர். உப்பைப் போட வேண்டாம், கொகுத்தோவிலேயே உப்பிருக்கிறது என்று எத்தனை தரம் சொல்லியும் அவர் கேட்பதில்லை.